சமதளம் தேடி ஒரு கார்

பழைய கார் பார்க்கப் போகிறவனின் சட்டைப்பையில் ஒரு காந்தம் இருக்க வேண்டும். உடைந்த வானொலிப் பெட்டியின் ஸ்பீக்கரிலிருந்து கழற்றிய காந்தம் ஒன்றைத் துணியில் சுற்றி, 2021ஆம் வருடம் முழுக்க நான் சுமந்துகொண்டு திரிந்தேன். நுவரெலியா, ஹட்டன், பண்டாரவளை, வெலிமடை என்று பதினொரு கார் பார்த்தேன். முற்றத்தில் கழுவி நிறுத்தியிருக்கும்போது எல்லாக் காரும் அழகாகத்தான் இருக்கும். கதவுக்கு அடியில் ஓடும் விளிம்பிலும் பின்சில்லுக்கு மேலுள்ள வளைவிலும் காந்தத்தை வைத்தால் கதை வெளியே வந்துவிடும். தகரம் இருக்கும் இடத்தில் ‘டக்’கென்று ஒட்டும். துரு தின்ற ஓட்டையைப் பட்டி பூசி மூடிய இடத்தில் பிடிப்பில்லாமல் நழுவி விழும். மலைநாட்டுக் கார்களுக்கு இது பிறவி வியாதி மாதிரி. பகலில் அடிக்கும் வெயிலில் காய்வதற்குள் மாலைப் பனிமூட்டம் வந்து உட்கார்ந்துகொள்கிறது.

பன்னிரண்டாவதாகப் பார்த்த காரில் காந்தம் எல்லா இடத்திலும் ஒட்டியது, வலப்பக்கப் பின்வளைவில் ஒரு உள்ளங்கை அகலத்தைத் தவிர. 1982ஆம் ஆண்டு டொயோட்டா கொரோலா, கே.ஈ. 70, நான்கு கதவு. சிங்கள ஸ்ரீ எழுத்துப் போட்ட பழைய எண் தகடு. ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவருடையது. அவர் காரைச் சுற்றி வந்து ஒவ்வொரு கதவாகத் திறந்து காட்டினார். பிறகு கேட்டார்:

“தம்பி, இந்தக் காரை வைத்து என்ன செய்யப் போகிறீர்கள்?”

வாடகைக்கு ஓட்டப் போகிறேன் என்று சொல்லியிருக்கலாம். அந்த மனிதரிடம் பொய் சொல்ல வாய் வரவில்லை.

“டிரிஃப்ட் பழகப் போகிறேன் சேர். காரைச் சறுக்கவிட்டு ஓட்டுவது.”

கொஞ்ச நேரம் பேசாமல் நின்றார். “ரோட்டில் இல்லையே?”

“இல்லை சேர். ஒரு நாளும் ரோட்டில் இல்லை.”

680,000 ரூபாய்க்குத் தந்தார். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்திய பிறகு, நாட்டில் ஓடிக்கொண்டிருந்த ஒவ்வொரு பழைய காரும் நகை மாதிரி ஆகிவிட்ட காலம் அது. கொழும்பு பஞ்சிகாவத்தையில் உதிரிப்பாகக் கடையொன்றில் நான்கு வருடம் வேலை செய்து சேர்த்தது, மோட்டார் சைக்கிளை விற்றது, அம்மா சொல்லாமல் கட்டிவந்த சீட்டு, எல்லாம் அதில் போனது. அந்த வருடம்தான் தோட்டத் தொழிலாளரின் நாட்சம்பளம் 1,000 ரூபாய் என்று வர்த்தமானியில் வந்திருந்தது. அம்மா 680 நாள் மலையேறிக் கொழுந்து பறிக்க வேண்டிய காசு. அந்தக் கணக்கை ஒரு தடவைதான் போட்டேன். இன்னும் மறக்கவில்லை.

ஏன் இந்தக் கார் என்று கேட்பவர்களுக்குப் பதில் எளிது. சறுக்கி ஓட்டப் பின்சில்லு இழுக்கும் கார் வேண்டும். இன்று ஓடும் சிறிய கார்களில் பெரும்பாலானவற்றை முன்சில்லுதான் இழுக்கிறது. கே.ஈ. 70 அந்த மாற்றத்துக்கு முந்திய தலைமுறை. எஞ்சின் முன்னால், இழுவை பின்னால், எடை ஏறத்தாழ 900 கிலோ. உலகம் கொண்டாடும் ஏ.ஈ. 86 கொரோலாவுக்கு இது மூத்த அண்ணன் முறை. முன்பக்க அடிப்பாகங்கள் பல ஒன்றுக்கொன்று பொருந்தும். ஏ.ஈ. 86இன் விலைக்கு எங்கள் லயத்தையே, அதாவது தோட்டத்து வரிசை வீட்டையே, விற்றாலும் போதாது, அதுவும் லயம் எங்களுக்குச் சொந்தமாக இருந்தால். கே.ஈ. 70க்கு மட்டும் இந்த நாட்டின் எந்தச் சந்தியிலும் ஏதாவது ஒரு உதிரிப்பாகம் கிடைக்கும். அதைத் தலைகீழாகத் தெரிந்த ஒரு பாஸும் கிடைப்பார்; கைத்தொழில் தெரிந்த மெக்கானிக்கை இங்கே அப்படித்தான் கூப்பிடுவோம்.

ஆசை எங்கிருந்து வந்தது என்று யோசித்தால் இரண்டு இடம் நினைவுக்கு வருகிறது. ஒன்று, ஏப்ரல் மாதத்து மகாகஸ்தொட்ட. 1934இல் தொடங்கிய மலையேற்றப் பந்தயம் அது. நான்காம் வகுப்பில் அப்பாவின் தோளில் உட்கார்ந்து, தேயிலைச் செடிகளுக்கு நடுவே நின்று பார்த்தேன். கார் கண்ணுக்குத் தெரிவதற்கு முன்பே அதன் சத்தம் மலையில் மோதித் திரும்பிவரும். முடக்கில் ஒரு கார் பின்பக்கத்தை வெளியே வீசி, முன்சில்லை எதிர்ப்பக்கம் திருப்பிக்கொண்டு, கோபித்துக்கொண்ட மாடு மாதிரி பக்கவாட்டில் ஏறிப் போனது. அந்த ஓட்டுநர் தோற்றிருப்பார் என்று இப்போது தெரிகிறது. மலையேற்றத்தில் சறுக்கினால் நேரம் வீண். ஆனால் எனக்கு நினைவிருப்பது அந்த ஒரு கார்தான்.

மற்றது அப்பாவின் கொழுந்து லொறி. இருபத்தாறு வருடம் ஓட்டினார். நனைந்த கொழுந்து காய்ந்த கொழுந்தைவிடப் பாரம். முதல் தூறலில் ரோட்டுப் புழுதி களிம்பாகும், அதன் மேல் சவுக்கு இலை விழுந்து கிடக்கும். அப்படிப்பட்ட சாயங்காலங்களில் லொறியின் பின்பக்கம் ஒரு சாண் விலகும். அப்பா பிரேக்கைத் தொட மாட்டார். ஸ்டீயரிங்கை ஒரு கை அகலம் திருப்பி, திரும்ப நேராக்குவார். பக்கத்தில் உட்கார்ந்திருந்த எனக்கு அது தெரியும். பின்னால் கொழுந்து மூட்டைகளின் மேல் இருந்தவர்களுக்குத் தெரியாது.

காரை வீட்டுக்குக் கொண்டுவந்த இரவு அவரிடம் விளக்கினேன். கேட்டுவிட்டுச் சொன்னார்: “வழுக்குவது எனக்குத் தெரியும். வழுக்காமல் இருக்கத்தான் இருபத்தாறு வருடம் சம்பளம் வாங்கினேன். நீ அதற்குக் காசு கொடுத்துப் பழகப் போகிறாயா?”

பதில் சொல்லத் தெரியவில்லை. ஆசிரியர் கேட்ட அதே வாக்கை அவரும் வாங்கிக்கொண்டார்.

அடுத்த வருடம் காரில் ஒரு திருகாணியைக்கூடக் கழற்ற முடியவில்லை. 2022 ஜூனில் பெற்றோல் லீற்றர் 470 ரூபாய்; அதுவும் கிடைக்கவில்லை. பிறகு பெற்றோலைப் பங்கிட்டுக் கொடுக்கக் கியூ.ஆர். அட்டை வந்தது. வாரத்துக்கு முச்சக்கரவண்டிக்கு 5 லீற்றர், காருக்கு 20. எங்கள் லயத்தில் கார் என்று இருந்தது என்னுடையது ஒன்றுதான். பின்சீட்டைக் கழற்றி, கம்பளத்தைக் கிழித்து, உள்ளே வெறும் தகரமாக்கத் திட்டம் போட்டிருந்த கார், இரவில் நுவரெலியா ஆஸ்பத்திரிக்குப் போகும் காராக மாறியது. மூச்சு வாங்கிய பெரியவர் ஒருவர், காய்ச்சல் பிள்ளைகள், பிரசவத்துக்கு இரண்டு பேர். இரண்டாவது பெண்ணின் மாமியார் பின்சீட்டில் உட்கார்ந்து, ஒவ்வொரு முடக்கிலும் “மெல்ல, தம்பி, மெல்ல” என்றபடியே வந்தார். என் வாழ்க்கையில் மிகக் கவனமாகக் கார் ஓட்டியது அந்த இரவுதான். சில்லு எந்த இடத்தில் பிடிக்கிறது, எந்த இடத்தில் பிடி தளர்கிறது என்று காது கொடுத்துக் கேட்கக் கற்றுக்கொண்டதும் அந்த ரோட்டில்தான்.

பின்சீட்டை 2023 தொடக்கத்தில்தான் கழற்றினேன். அது இப்போது எங்கள் வாசல் திண்ணையில் கிடக்கிறது. வேலை முடிந்து வந்ததும் அம்மா அதில்தான் காலை நீட்டி உட்காருவார்.

இனி வேலைக்கு வருகிறேன். முதல் டிரிஃப்ட் கார் வாங்கும் தம்பிகள் பலர் என்னிடம் கேட்கும் முதல் கேள்வி, “எந்த எஞ்சின் போடலாம் அண்ணே?” என்பதுதான். என் காரில் இன்றும் ஓடுவது கம்பெனி போட்ட 4கே எஞ்சின்தான். 1290 சிசி, அறுபது சொச்சம் குதிரைவலு. ஒரு ரூபாய்கூட அதைப் பலப்படுத்தச் செலவழிக்கவில்லை. கையிலிருந்த காசெல்லாம் நான்கு இடத்துக்குப் போனது: திருப்புவது, நிறுத்துவது, உட்காருவது, பின்னச்சு. இதைப் பிடிவாதமாகவே சொல்கிறேன். பலமான எஞ்சின் உங்கள் தவறுகளைப் புகையில் மறைத்துவிடும். பலமில்லாத எஞ்சின் ஒவ்வொரு தவறையும் முகத்துக்கு நேரே காட்டும்.

முதலில் ஸ்டீயரிங். இந்தக் காரில் பழைய மாதிரி ஸ்டீயரிங் பெட்டி. நாற்பது வருடத்தில் அதன் மூட்டுகள் எல்லாம் தேய்ந்திருக்கும். எனக்குக் கண்ணுக்கு ஒன்றும் தெரியவில்லை. அப்பா சாக்கை விரித்துக் காருக்கு அடியில் மல்லாந்து படுத்தார். “ஸ்டீயரிங்கை இரண்டு விரலால் மட்டும் ஆட்டு. திருப்பாதே, ஆட்டு” என்றார். நான் ஆட்டினேன். அவர் ஒவ்வொரு மூட்டையும் உள்ளங்கையால் பொத்திப் பிடித்துக்கொண்டே வந்தார். மூன்றாவது மூட்டில் கை நின்றது. “இங்கே வா. பார்க்காதே, பிடி.” பிடித்தேன். தோலுக்கு அடியில் ஒரு சின்னத் தட்டு. பல்லி வால் துடிப்பது மாதிரி. தண்டு அசைந்த பிறகு, கண் இமைக்கும் நேரம் கழித்துத்தான் மூட்டு அசைகிறது. அந்தத் தாமதம் சில்லுக்குப் போய்ச் சேரும்போது இரண்டு விரல் அகலமாகிவிடும். சறுக்கிக்கொண்டிருக்கும் காரில் இரண்டு விரல் அகலம் என்றால் கார் சுற்றிக்கொண்டு போய்விடும். நான்கு மூட்டும், மறுபக்கத்தில் தண்டைத் தாங்கும் ஐட்லர் கையும் புதிதாக வாங்கினோம். பெட்டியின் தலையிலுள்ள திருகைத் துளித்துளியாக இறுக்கி, மிச்சமிருந்த ஆட்டத்தையும் எடுத்தோம்.

பிரேக்குக்கு வெடித்துப்போன இறப்பர் குழாய்களை எல்லாம் மாற்றினேன். பிரேக் எண்ணெய் காற்றிலுள்ள ஈரத்தைக் குடிக்கும். எங்கள் ஊரில் குடிக்க ஈரத்துக்குக் குறைவில்லை. ஈரம் குடித்த எண்ணெய் சூட்டில் கொதித்து ஆவியானால் பெடல் பஞ்சு மாதிரி அமுங்கும், கார் நிற்காது. ஹேண்ட் பிரேக்கின் பற்சட்டத்தைப் பிடிக்கும் கொக்கியை விலக்கிவைத்தேன். இழுத்தால் பிடிக்கும், விட்டால் தானாக இறங்கும். சறுக்கலைத் தொடங்க ஒரு நொடிதான் அது வேண்டும். ஒன்றரை நொடி பிடித்துக்கொண்டால் கார் நின்றுவிடும்.

ஸ்பிரிங்கை கிரைண்டரால் அறுத்துக் காரைத் தாழ்த்துகிறவர்களைக் கண்டால் எனக்கு உண்மையிலேயே வயிறு பிசைகிறது. சில்லு பள்ளத்தில் தொங்கும்போது, அறுத்த ஸ்பிரிங் தன் இருப்பிடத்தை விட்டுக் கழன்றுவிடும். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள்.

சீட்டைப் பற்றி யாரும் முதலில் யோசிப்பதில்லை. நானும் யோசிக்கவில்லை. கம்பெனி சீட்டில் உட்கார்ந்து காரைச் சுழற்றினால் உடம்பு ஒரு பக்கம் வழுகும். வழுகாமலிருக்க ஸ்டீயரிங்கைப் பிடித்துத் தொங்குவோம். தொங்குகிற கை எப்படித் திருப்பும்? இன்னொன்றும் உண்டு. பின்பக்கம் பிடி விடுவது முதலில் இடுப்புக்குத் தெரியும், பிறகுதான் கண்ணுக்கு. இடுப்பை இறுக்கிப் பிடிக்கும் சீட் இல்லாவிட்டால் அந்தச் செய்தி வந்து சேராது. பஞ்சிகாவத்தையில் பழைய முதலாளியிடம் சொல்லிவைத்து, பாவித்த பக்கெட் சீட் ஒன்று எடுத்தேன். அதற்குப் பின்னால் இரும்புக் கூண்டு, அதன் பிறகுதான் உடம்பைச் சீட்டோடு கட்டும் நான்கு முனைப் பட்டி. இந்த வரிசை முக்கியம். கூண்டு இல்லாத காரில் அந்தப் பட்டியைக் கட்டிக்கொண்டு கார் கவிழ்ந்தால், நசுங்கி இறங்கும் கூரைக்குக் கீழே குனியக்கூட முடியாது. கூண்டுக்குக் குழாய் வளைக்கும்போது வளைவில் நசுங்கிய துண்டை அந்த இடத்திலேயே ஒதுக்கிவிட வேண்டும். இரண்டு துண்டை அப்படி ஒதுக்கினேன். இரண்டும் இப்போது பக்கத்து வீட்டுக் கொடிக்கம்பங்கள்.

பின்னச்சு வேலைதான் எல்லாவற்றிலும் அழகானது.

கார் வளையும்போது வெளிப்பக்கச் சில்லு அதிக தூரம் ஓட வேண்டும், உள்பக்கச் சில்லு குறைவாக. இரண்டையும் வெவ்வேறு வேகத்தில் ஓடவிடத்தான் நடுவில் டிஃபரன்ஷியல் இருக்கிறது. தினசரி ஓட்டத்துக்கு அது வரப்பிரசாதம். சறுக்கலில் அதுவே எதிரி. கார் சாயும்போது உள்பக்கச் சில்லின் மேல் பாரம் குறைகிறது. பலம் முழுவதும் அந்த லேசான சில்லு வழியாக ஒழுகி, அது மட்டும் வீணாகச் சுழலும். இதைத் தடுக்கப் பூட்டுடன் வரும் விலையுயர்ந்த டிஃபரன்ஷியல்கள் உண்டு. ஏழைக்கு ஒரே வழி, உள்ளேயிருக்கும் நான்கு பற்சக்கரங்களையும் ஒன்றோடொன்று ஒட்டவைத்து, இரண்டு சில்லையும் ஒரே அச்சாக்குவது.

வெலிமடைப் பக்கம் ஒரு வெல்டிங் பாஸ் இருக்கிறார். “பாஸ் உன்னஹே, இதை ஒட்டித் தர முடியுமா?” என்று கேட்டேன். கையில் வாங்கி மூக்கருகே கொண்டுபோய் மணந்தார். “எண்ணெய்” என்றார். நான் மூன்று தடவை பெற்றோலில் கழுவியிருந்தேன். அவர் எரிவாயுச் சுடரை மெல்லக் காட்டினார். சுத்தமாகத் தெரிந்த இரும்பின் மேல் வியர்வை மாதிரி எண்ணெய் துளிர்த்தது. துடைத்தார். மறுபடி சூடு காட்டினார், மறுபடி துளிர்த்தது. ஒரு மணி நேரம் இப்படியே போனது, ஒரு பொட்டு வெல்டிங் வைக்கவில்லை. எண்ணெய் மேல் வைத்த ஒட்டு ஓட்டையும் குமிழுமாகத்தான் நிற்கும், முதல் உதையிலேயே வெடிக்கும் என்றார். துளிர்ப்பது நின்ற பிறகுதான் கண்ணாடியை இறக்கிக்கொண்டார்.

ஒட்டியதும் சட்டென்று ஆறவிடக் கூடாது, மெல்ல ஆற வேண்டும், இல்லாவிட்டால் இரும்பு விறைத்து விரிசல் விடும் என்று முதல் நாளே சொல்லியிருந்தார். அதற்காக எங்கள் தோட்டத்து ஸ்டோர் (தேயிலைத் தொழிற்சாலை) அடுப்பிலிருந்து ஒரு மூட்டை விறகுச் சாம்பல் கொண்டுபோயிருந்தேன். செக்கச் சிவந்திருந்த அந்தத் துண்டைச் சாம்பலுக்குள் புதைத்து, சாக்கால் மூடிவிட்டு வந்தேன். மறுநாள் காலை எட்டு மணிக்குக் கையை விட்டு எடுத்தபோதும் இளஞ்சூடாக இருந்தது. வேகவைத்த வள்ளிக்கிழங்கு மாதிரி.

அன்றோடு இந்தக் காருக்கும் ரோட்டுக்கும் உள்ள உறவு முடிந்தது. ஒட்டிய பின்னச்சோடு ரோட்டில் ஓட்டக் கூடாது. இரண்டு சில்லும் ஒரே வேகத்தில் ஓடுவதால் குறுகிய முடக்கில் ஒன்று இழுபட்டுக் கீச்சிடும். ஈர ரோட்டில் காரை நேராகத் தள்ளிக்கொண்டு போகும். நேராக என்றால் எங்கள் ஊரில் பள்ளத்துக்கு. இப்போது அது லொறியில் ஏறித்தான் வெளியே போகிறது.

காற்றைப் பற்றியும் சொல்ல வேண்டும். நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து 1,868 மீற்றர் உயரம். இங்கே காற்றழுத்தம் கொழும்பைவிட ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைவு. எஞ்சினுக்குக் கிடைக்கும் காற்றும் அந்த அளவுக்குக் குறைவு. அறுபது குதிரையில் பத்துக்கு மேல் மலையேறும்போதே இறங்கிப் போய்விடுகின்றன. ஆனால் காபரேட்டர் அது தெரியாமல் பழைய கணக்கில் பெற்றோல் ஊற்றும். பிளக்கைக் கழற்றிப் பார்த்தால் கரிப்புகை படிந்திருக்கும். பெற்றோல் வரும் துளையான ஜெட்டை ஒரு எண் சிறியதாகப் போட்டதும் எஞ்சினின் குரலே மாறியது. தண்ணீரும் இங்கே 94 பாகைக்கே கொதித்துவிடும் என்பதால், ரேடியேட்டர் மூடியின் இறப்பர் வளையத்தை அலட்சியம் செய்யக் கூடாது. அழுத்தத்தைக் காத்து, கொதிப்பைத் தள்ளிப்போடுவது அந்த வளையம்தான்.

கார் தயார். ஓட்ட இடம்?

மலைநாட்டில் பணத்துக்கும் கிடைக்காத பொருள் ஒன்று உண்டென்றால் அது சமதளம். இருநூறு வருடமாக இங்கே இருக்கும் எங்கள் ஆட்களுக்கு வீடு கட்ட ஏழு பேர்ச் காணி கேட்டுத்தான் இன்னும் பேச்சு நடக்கிறது. கார் சறுக்க நிலம் யார் தருவார்கள்? தோட்டத்து விளையாட்டு மைதானத்தைக் கேட்கலாம் என்று தம்பி முறையான ஒருவன் சொன்னான். பிள்ளைகள் பந்தடிக்கும் ஒரே இடத்தை உழுது போட எனக்கு மனம் வரவில்லை.

“ரதல்ல ரோடு இருக்கிறதே அண்ணே, இரவில் யார் வரப் போகிறார்கள்?” என்றும் சிலர் கேட்டார்கள். இந்த இடத்தில்தான் எனக்குக் கோபம் வருகிறது. டிரிஃப்ட் ஜப்பானில் பிறந்தது. 1970களில் குனிமிட்சு தகஹாஷி பந்தயத் தடங்களில் காட்டிய வித்தையைப் பார்த்து வளர்ந்த கெய்ச்சி சுச்சியா, மலைப்பாதைகளில் பழகி அதை ஒரு கலையாக்கினார் என்ற கதை எங்கள் பையன்கள் எல்லாருக்கும் தெரியும். மலைப்பாதை என்ற சொல்லை மட்டும் பிடித்துக்கொண்டார்கள். அதே ஜப்பானில் 2001இல் டிரிஃப்டுக்கென்று தனிப் போட்டித் தொடர் தொடங்கி, அந்த வித்தை மூடிய தடங்களுக்குள் போனதை யாரும் சொல்வதில்லை. நானுஓயா–ரதல்ல குறுக்கு வீதியில் 2023 ஜனவரியில் பஸ்ஸும் வேனும் முச்சக்கரவண்டியும் மோதி ஏழு பேர் இறந்தார்கள். அது விளையாட்டால் வந்த விபத்தல்ல. ஆனால் அந்தச் சரிவு எவ்வளவு குறைவாக மன்னிக்கும் என்பதை அந்த வீதியில் தினமும் போகிறவர்கள் அறிவோம். அங்கே இரவில் வருவது யார் தெரியுமா? ஆஸ்பத்திரிக்குப் போகும் கார். அதை ஓட்டியவன் நான்.

கடைசியில் வெலிமடைப் பள்ளத்தாக்கில், கல்லுடைக்கும் இடமொன்றின் லொறித் தளம் கிடைத்தது. கொங்கிரீட் போட்டது, 180 அடிக்கு 110 அடி. ஞாயிற்றுக்கிழமைகளில் வேலை இல்லை. முதலாளியிடம் அப்பாவே வந்து பேசினார். இருவரும் ஒரு காலத்தில் லொறிக்காரர்கள். “மகன் என்ன செய்யப் போகிறான்?” என்று அவர் கேட்டதற்கு, அப்பா யோசித்துவிட்டு, “வழுக்கினால் எப்படிப் பிடிப்பது என்று பழகுகிறான்” என்றார். நான் இரண்டு வருடமாகத் தேடிய பதில் அது.

2023 டிசம்பர், முதல் ஞாயிறு. ஓட்டுவதற்கு முன் மூன்று மணி நேரம் விளக்குமாற்றால் தளத்தைக் கூட்டினோம்; சில்லிலிருந்து பறக்கும் கல்துண்டு கண்ணைக் குருடாக்கும். பிறகு பவுசரிலிருந்து தண்ணீர் தெளித்தோம். பலம் குறைந்த காருக்கு ஈரம்தான் ஆசிரியர். காய்ந்த தரையில் அதிக வேகத்தில் நடப்பது ஈரத்தில் குறைந்த வேகத்திலேயே நடக்கும். டயரும் மிஞ்சும், அச்சும் மிஞ்சும், உயிரும் மிஞ்சும். நடுவில் ஒரு லொறி டயரை வைத்து, அதைச் சுற்றி வட்டமடிப்பதுதான் முதல் பாடம்.

இரண்டாம் கியர். வட்டத்தில் கொஞ்சம் வேகம் எடுத்து, கிளட்சை ஒரு உதை உதைத்து விட வேண்டும். எஞ்சினின் வேகம் ஒரேயடியாகப் பின்சில்லில் இறங்கிப் பிடியை உடைக்கும். பின்பக்கம் வெளியே போகும்போது ஸ்டீயரிங்கை எதிர்ப்பக்கம் திருப்பி, ஆக்சிலேட்டரை முழுக்க விடாமல், முழுக்க அமுக்காமல் பிடித்துக்கொள்ள வேண்டும். சொல்ல நான்கு வரி. முதல் தடவை கார் முழுதாகச் சுற்றி நின்றது. இரண்டாவது தடவையும் அப்படியே. என் தம்பி முறையானவன் ஒரு லொறியின் பலகையில் சோக்கால் கோடு போட்டுக்கொண்டிருந்தான். இருபது கோடு தாண்டியபோது எனக்குத் தலை சுற்றியது, எஞ்சினுக்கும் மூச்சு வாங்கியது.

அப்பா ஒரு கல்லில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தவர் எழுந்து கண்ணாடிப் பக்கம் வந்தார். “நீ அந்த டயரைப் பார்க்கிறாய். அது எங்கேயும் போகாது. நீ எங்கே போய்ச் சேர வேண்டுமோ அங்கே பார். கை தானாகத் திரும்பும்.”

பக்கத்து ஜன்னல் கண்ணாடி வழியாக, வட்டத்தின் அடுத்த கால்பங்கைப் பார்த்துக்கொண்டு ஓட்டினேன். கார் முன்னோக்கிப் போகும்போது பக்கவாட்டில் பார்ப்பது உடம்புக்குப் பிடிக்காத வேலை. நாற்பத்தோராவது கோட்டில் பின்பக்கம் விலகியது, முன்சில்லு எதிரே திரும்பியது, அங்கேயே நின்றது. கார் சறுக்கிக்கொண்டே இருந்தது. தண்ணீர் பின்சில்லிலிருந்து விசிறி மாதிரி எழுந்தது. ஒரு முழு வட்டம், அதற்கு மேல் இன்னொரு கால் வட்டம். பிறகு நானே பயந்து ஆக்சிலேட்டரை விட்டுவிட்டேன். அத்தனை சத்தத்துக்கு நடுவில் காருக்குள் ஒரு அமைதி இருந்தது. இதை எனக்கு வேறு விதமாகச் சொல்லத் தெரியவில்லை.

2024 ஏப்ரல் 21 அன்று தியத்தலாவை ஃபொக்ஸ் ஹில் பந்தயத்தில் ஒரு கார் தடத்தை விட்டு விலகிப் பார்வையாளர்களுக்குள் பாய்ந்தது. ஏழு பேர் இறந்தார்கள். எட்டு வயதுச் சிறுமியும் அதில் ஒருத்தி. அன்று நான் அங்கே இல்லை. ஆனால் அதற்கு முந்திய ஞாயிறு எங்கள் தளத்தின் விளிம்பில் ஆறு பிள்ளைகள் நின்று கைதட்டிக்கொண்டிருந்தது நினைவுக்கு வந்து, இரவில் தூக்கம் வரவில்லை. காருக்கும் அவர்களுக்கும் நடுவில் ஒன்றுமே இருக்கவில்லை. மூன்று மாதம் காரைத் தொடவில்லை. மறுபடி தொடங்கியபோது, பார்க்க வருகிறவர்கள் நிற்கும் இடம் கல்மேட்டின் உச்சி என்று ஆனது; தளத்தைவிட எட்டு அடி உயரம். கார் ஓடும்போது யாராவது கீழே இறங்கினால் தம்பி சிவப்புத் துணியை ஆட்டுவான், நான் எஞ்சினை அணைத்துவிடுவேன். இதில் யார் கோபித்துக்கொண்டாலும் பரவாயில்லை.

இப்போது எட்டு வடிவம் பழகுகிறேன். ஒரு வட்டத்திலிருந்து மற்ற வட்டத்துக்கு மாறும் இடத்தில் காரின் பாரம் இடமிருந்து வலம் சாயும். அந்த அரை நொடியில் ஸ்டீயரிங்கை ஒரு பக்க எல்லையிலிருந்து மறுபக்க எல்லைக்குக் கொண்டுபோக வேண்டும். பழைய பெட்டி ஸ்டீயரிங் தானாக ஓடிவராது, கையால் இழுத்துத்தான் கொண்டுவர வேண்டும். பத்தில் நான்கு சரியாக வருகிறது. வலமிருந்து இடம் போவது சுலபம், இடமிருந்து வலம் வராது. ஏன் என்று இன்னும் கண்டுபிடிக்கவில்லை. அப்பா பின்பக்க ஷொக் அப்சோபர் ஒன்றைச் சந்தேகப்படுகிறார்.

போன வாரம் பஞ்சிகாவத்தையிலிருந்து பழைய முதலாளி தொலைபேசியில் அழைத்தார். 4ஏ-ஜீஈ எஞ்சின் ஒன்று கியர் பெட்டியோடு வந்திருக்கிறதாம். 1587 சிசி, பதினாறு வால்வு, என் எஞ்சினைப் போல இரண்டு மடங்கு பலம். “உனக்காக ஒரு மாதம் எடுத்து வைக்கிறேன்” என்றார். நன்றி சொல்லிவிட்டு, வேறு யாருக்காவது கொடுத்துவிடச் சொன்னேன். ஷொக் அப்சோபர் இரண்டு இருந்தால் மட்டும் பஸ்ஸில் போட்டு அனுப்பச் சொல்லியிருக்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை மழை வரும் போலிருக்கிறது. பவுசர் தேவைப்படாது. லொறிக்குக் காலை ஆறு மணி என்று சொல்லிவிட்டேன்.